அலுவலகம் போன எழுத்தாளர்கள்

எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் எந்த மொழியிலும் குறைவு. பெரும்பாலான எழுத்தாளர்கள் ஒரு வேலைக்குப் போய், மிஞ்சிய நேரத்தில் எழுதியவர்கள். வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்ற புலம்பல் காலங்காலமாக இருக்கிறது. வேலை எழுத்துக்குக் கொடுத்தது அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் 1834இல், தம் 19ஆம் வயதில், லண்டன் தலைமை அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1867 வரை அந்தத் துறையிலேயே இருந்தார். எழுதிய நாவல்கள் 47. காலை 5.30க்கெல்லாம் மேசை முன் உட்கார்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே பணியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். அலுவல் பயணங்களில் ரயில் பெட்டியே எழுதும் அறை. அங்கே பென்சிலால் எழுதியதை மனைவி படியெடுத்துக் கொடுப்பார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி அப்படி உருவானது. 1858இல் அஞ்சல் உடன்படிக்கை பேச எகிப்துக்குப் போன இடத்தில் ஒரு நாவலை முடித்தார். மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார்.

அவர் இறந்தபின் 1883இல் வெளிவந்த சுயசரிதை இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னது. பலர் முகம் சுளித்தார்கள். மணி பார்த்து எழுதியவரின் எழுத்து கலையாகுமா என்று கேட்டார்கள். அநியாயமான கேள்வி. கடிகாரம் அவரை மேசைக்கு இழுத்து வந்தது, அவ்வளவுதான். எழுதாத நேரத்திலும் தம் பாத்திரங்களோடு வாழ்ந்துகொண்டிருந்தவர் அவர்.

பிராகாவில் எழுத்தாளர் காஃப்காவுக்கு வேலையோடு இப்படி ஒத்துப்போகும் நிம்மதி வாய்க்கவில்லை. 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. நேரம் காலை 8 முதல் பிற்பகல் 2 வரை. மாலையில் தூங்கி எழுந்து, வீடு அடங்கியபின் எழுதுவார். ‘தீர்ப்பு’ கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில், விடியும்வரை உட்கார்ந்து எழுதி முடித்தார். வேலையைச் சபித்துக்கொண்டே இருந்தாலும் அதை அசட்டையாகச் செய்யவில்லை. மரம் இழைக்கும் இயந்திரத்தின் சதுரத் தண்டு விரல்களைத் துண்டிக்கிறது, உருளைத் தண்டு காப்பாற்றுகிறது என்று படங்களோடு அறிக்கை எழுதினார். ‘தண்டனைக் குடியிருப்பு’ கதையின் கொலை இயந்திரம் அத்தனை துல்லியமாக விவரிக்கப்படுவதற்கு இந்தப் பழக்கமும் காரணமாக இருக்க வேண்டும்.

தமிழில் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. காகிதம் கிழிப்பவருக்கு வேறென்ன வேலை என்று நினைத்து, கண்டவரெல்லாம் அறைக்குள் நுழைந்து பேசித் தீர்ப்பார்களாம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சினிமா உலகைப் பற்றிய அவருடைய ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் நட்சத்திரங்களின் பளபளப்பு பின்னால் போய்விடுகிறது. தயாரிப்பு நிர்வாகியும் உதவி இயக்குநரும் சோற்றுக்கும் சம்பளத்துக்கும் அலைவதே முன்னால் நிற்கிறது. ஸ்டுடியோவுக்கு வெளியே நின்று பார்த்த எவருக்கும் அந்த நாவல் கைகூடியிருக்காது. 1960களின் நடுவில் அவர் அந்த வேலையை விட்டார். அதன்பின் எழுத்துதான் பிழைப்பு; தமிழ்ப் பத்திரிகைகள் கொடுத்த சன்மானத்தில் அது எளிதாக இருக்கவில்லை.