வீட்டு மனை யாருக்கு?

கள்ளக்குறிச்சி 2019-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி முதல் தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. அதுமுதற்கொண்டு அவ்வூரைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைந்த நிலங்களில் கல் நட்டு, கொடி கட்டி, "இன்ன நகர்", "இன்ன கார்டன்" என்று பெயரிட்டு மனை விற்கும் வியாபாரம் வெகு மும்முரமாய் நடைபெற்று வருகின்றது. ஊர் பெருத்தால் வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். இதை யாரும் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால் எந்த நிலம் வீடாகலாம், எது ஆகக் கூடாது, ஆன மனை யார் கைக்குப் போய்ச் சேருவது என்கின்ற விஷயங்களை யார் தீர்மானிக்கின்றார்கள் என்பதே நமது கேள்வி.

முதலிரண்டுக்கும் சட்டமிருக்கின்றது. 1971-ம் வருஷத்திய நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தும், அனுமதியில்லாத மனைகள் ஊருக்கு ஊர் பெருகின. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவற்றைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாதென்று தடுத்தது. உடனே 2017-ல் சர்க்கார் ஒரு விதி செய்து, 20-10-2016 வரை விற்பனையான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்து கொள்ளலாமென்றது. மனை பிரித்து விற்ற தரகன் லாபத்தோடு போய்விட்டான். சீட்டுக் கட்டியும் நகை விற்றும் ஒன்றரை சென்ட் வாங்கியவன் கட்டணம் கட்ட நின்றான். இதுதான் கட்டுப்பாட்டின் யோக்கியதை!

அனுமதி பெற்ற பெரிய மனைப் பிரிவுகளில் ரோடு போக நூற்றுக்குப் பத்துப் பங்கை பூங்காவுக்கும் பொதுவுக்குமாகத் தான சாசனம் எழுதிக் கொடுக்க வேண்டும். (பார்ப்பானுக்கல்லாமல் பொது ஜனங்களுக்குச் செய்யப்படும் தானம் இந்நாட்டில் இது ஒன்றுதானோ என்னமோ!) 2019-ம் வருஷத்திய கட்டிட விதிகளில், பதினாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவுகளில் நூற்றுக்குப் பத்து ஏழைகளுக்கென்று ஒதுக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. நல்லதுதான். ஆனால் அந்த ஏழை யார், அவனைப் பொறுக்குகிறவர் யார்? விற்கின்ற முதலாளியேதான்! இங்கேதான் மூன்றாவது விஷயம் சட்டத்தை விட்டு ஜாதியின் கைக்குப் போய்விடுகின்றது. "எங்கள் ஆள்களே இருக்கிறார்கள், பயப்படாமல் வாங்கலாம்" என்று தரகர் சொல்லுவதன் அர்த்தம் தெரியாதவர் யார்?

கல்வராயன் மலையிலிருந்து பிள்ளையின் படிப்புக்காகக் கீழே இறங்கி வருகின்ற மலையாளி வகுப்புத் தோழர் வாடகைக்கு வீடு கேட்டால், வாடகையைச் சொல்லுமுன்பே ஜாதியைக் கேட்கின்றார்கள். மலையிலோ அவருக்கு அளவுக்கு மேல் சட்டம். மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்து அம்மலை சர்க்காருக்கு வந்ததே 1976-ல்தான். 2006-ம் வருஷத்திய வன உரிமைச் சட்டமோ, 13-12-2005-க்கு முன்பே காட்டு நிலத்தை அனுபவித்து வந்தவருக்கு நான்கு ஹெக்டேர் வரையில்தான் உரிமை என்று தேதியும் அளவும் போட்டது. உழுகின்றவனுக்கு இவ்வளவு கண்டிப்பு; மனை வியாபாரிக்கு வரன்முறை!

சேரியின் கதையும் இதுதான். குடும்பம் பெருகி மனை கேட்டால், ஊருக்கு வெளியே, சேரிக்கும் அப்பால், இன்னொரு காலனி. ஆதித்திராவிடருக்கு வீட்டு மனை எடுப்பதற்கென்றே 1978-ல் சட்டம் செய்த சர்க்காருங்கூட, பெரும்பாலும் பழைய சேரியைப் புதிய சேரியாக நீட்டித்ததேயன்றி ஊருக்குள் கொண்டு வரவில்லை. கலெக்டர் கச்சேரி கட்ட வீரசோழபுரம் கோயில் நிலத்தை எடுக்கப் போனபோது, சாமிக்காக உயர்நீதிமன்றம் வரை வழக்காட ஆள் இருந்தது. சேரிக்காரனுக்காக "அவனுக்கு ஊருக்குள் மனை கொடு" என்று வழக்காட யார் போனார்கள்?

ஜாதியை மீறி வீடு ஒதுக்க முடியாதென்று சொல்லுகிறவர்களுக்குச் சமத்துவபுரமே பதில். 1997-ல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் நூறு வீடுகளில் ஆதித்திராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10 என்று வைத்து, ஒரு ஜாதியார் ஒரு வரிசையில் சேர்ந்து விடாதபடி கலந்து கொடுக்கப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழும்பின. வானம் இடிந்து விழவில்லை. சிங்கப்பூரிலும் 1989 முதல் சர்க்கார் அடுக்கு வீடுகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒவ்வொருவரும் இத்தனைக்கு மேல் ஒரே கட்டிடத்தில் சேரக் கூடாதென்று வரம்பு வைத்திருக்கின்றார்கள். அதனால் சிறுபான்மையோர் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் குறைந்து கஷ்டப்படுவதும் உண்டு; அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் தனிச் சேரி ஏற்படாமல் தடுக்க ஒரு சர்க்கார் துணிந்தது.

ஆனால் சமத்துவபுரத்திலும் ஒரு குறை. அதைப் பெரும்பாலும் கிராமத்துப் பக்கத்தில் தனியாகக் கட்டினார்களேயன்றி, பணமும் உத்தியோகமும் பள்ளிக்கூடமும் குவிகின்ற பட்டணத்து நகர்களுக்குள் அந்த விகிதாசாரத்தைப் புகுத்தவில்லை.

கள்ளக்குறிச்சி இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆதலால் முனிசிபாலிட்டியாரையும் ஊரமைப்பு இலாக்காவையும் நாம் கேட்பதாவது: ஏரி, வாய்க்கால், நஞ்சை இவைகளில் கல் நடுவதை எவர் பேர் சொன்னாலும் மறுத்து விடுங்கள். ஏழைகளுக்கென்று ஒதுக்கும் மனைகளை முதலாளி கையில் விடாமல், மனுச் செய்தவர் பெயர்களைப் பகிரங்கமாய் எழுதி ஒட்டி, சமத்துவபுரத்து விகிதப்படி, ஜனங்கள் முன்னிலையில் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள். அம்மனைகளைப் பிரிவின் மூலையில் தள்ளாமல், எல்லாத் தெருக்களிலும் ஊடே ஊடே வையுங்கள். இதற்குச் சர்க்கார் விதியைத் திருத்த வேண்டுமானால், திருத்தும்படி முனிசிபல் சபையில் ஒரு தீர்மானம் செய்து அனுப்புங்கள். அதற்குக் கை தூக்க மறுக்கின்ற கவுன்சிலர்கள் யார் யாரென்பதை, ஓட்டுக் கேட்டு அவர்கள் வரும்பொழுது தோழர்கள் தங்கள் வாசலிலேயே வைத்து விசாரிப்பார்களாக.