கை கறுத்தால் குறைந்தா போய்விடும்?

சென்ற பூஜா விடுமுறைக்குக் கொச்சியிலிருந்து பீர்மேட்டுக்கு வந்திருந்த என் பேரன், "தாத்தா, அயர்ன் மேன் மாதிரி நெஞ்சில் விளக்கு எரிகிற கவசம் செய்யணும், கூட இருந்து சொல்லிக் கொடுங்க" என்றான். என் மகளோ, "பத்தாம் வகுப்புப் பரீட்சை வருதுப்பா. இந்த வேஷம் கட்டுற வேலை எதுக்கு? வேணும்னா கடையில வாங்கித் தரேன்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் பேரன் பக்கம் நின்றேன். அதன் காரணத்தை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வேஷக் கவசம் நமக்குப் புதிதல்ல. நம் தெருக்கூத்தில் கட்டை வேஷம் உண்டு. கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் மார்புப் பதக்கத்தையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் மினுங்கும் காகிதமும் ஒட்டுவார்கள். விடிய விடிய ஆடுகிறவருக்குப் பாரம் தெரியக் கூடாது என்பதற்காகவே எடை குறைந்த மரம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டால் கண்ணாடி ஜொலிக்கும். இன்று மரத்துக்குப் பதில் ஃபோம் ஷீட், கண்ணாடிக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, அவ்வளவுதான்.

மணிப்பூரில் ஹெய்ரோக் என்ற சிற்றூர் இளைஞர் ஒருவர், கழித்துப் போட்ட மின்சாமான்களையும் அட்டைகளையும் கொண்டே இப்படி ஒரு கவசம் செய்தார். 2021இல் அதைக் கண்ட தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, அவர் பொறியியல் படிக்க உதவினார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு கை நீளும் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு என்று நாம் தள்ளுவதற்குள் படிப்பும் இருக்கிறது என்கிறேன்.

என் பேரனுக்கு ஓம் விதி மனப்பாடம். அதில் முழு மதிப்பெண்ணும் வாங்கியவன். ஆனால் முதல் எல்.இ.டி.யை நேராக பேட்டரியில் கொடுத்துக் கருக்கிவிட்டான். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான்கு சிறிய டார்ச் செல் சேர்ந்தால் 6 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட். மீதி 4 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்கு 200 ஓம் வருகிறது. கடையில் கிடைத்த 220 ஓம் போட்டோம். விளக்கு நின்று எரிந்தது. "இதுக்குத்தானா தாத்தா அந்த ஃபார்முலா!" என்றான்.

பெற்றோரின் பயத்தில் ஒன்று நியாயமானது. பழைய செல்போன், லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் பேட்டரியைக் கவசத்தில் வைக்கவே கூடாது. ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், ஃபோமும் எரியும், கவசமோ உடம்போடு கட்டியிருக்கிறது. ரயில்வே சிக்னலில் நாங்கள் கற்ற முதல் பாடம், பழுது வந்தால் அது சிவப்பில்தான் போய் நிற்க வேண்டும் என்பது. கவசத்துக்கும் அதே விதிதான். ஃபியூஸ் வேண்டும், அணிந்தவன் கைக்கே எட்டும் சுவிட்ச் வேண்டும், ஓர் இழுப்பில் கழன்று வரும் பட்டை வேண்டும். நம் பீர்மேட்டு மழையிலும் மூடுபனியிலும் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது.

தினம் ஒரு மணி நேரம் என்று பேசி, பத்து நாளில் முடித்தோம். இடது தோள் விளக்கு கடைசிவரை எரியவில்லை. வேண்டாம் என்ற மகளே பட்டைகளைத் தைத்துக் கொடுத்தாள்.

டிப்ளமோ படித்து, ஸ்பானர் பிடித்துப் பிழைத்தவன் நான். நம்மில் பலருடைய தகப்பனார்கள் தேயிலை ஃபாக்டரியில் கை கறுக்க உழைத்தவர்கள். "என் பிள்ளை கையில் கரி படக் கூடாது" என்று அவர்கள் நினைத்தது பாசத்தால். ஆனால் அந்தப் பாசத்தில் நாம் கைத்தொழிலையே கேவலமாக நினைக்கப் பழகிவிட்டோம். பொறியியல் கல்லூரிக்கு லட்சம் லட்சமாகக் கட்டுகிறோம். வீட்டில் ஒரு சால்டரிங் அயர்ன் வாங்க யோசிக்கிறோம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில், பிள்ளைகள் தாமே செய்த வேஷத்துக்குத் தனிப் பரிசு வையுங்கள். நம்மில் எலக்ட்ரீஷியன், தையற்காரர், தச்சர், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்காருவோம். முதல் ஞாயிறு என் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கட்டும். டீயும் என் செலவு.