அயல் நகரிற் சைக்கிள் உலா

மக்களையும் உடன்பிறந்தாரையும் காண அயல்நாடு செல்லும் நம் பழைய மாணவர் பலர், வேலைக்குப் போனவர் மாலையில் வந்து காரில் ஏற்றிச் செல்லும் வரை சாளரத்தருகே காத்திருந்தே நாளைக் கழித்து மீளுகின்றனர். ஊர் எப்படியென்று வினவினால் விமான நிலையத்தையும் ஒரு பெருங்கடையையும் வருணிக்கின்றனர். ஐந்தாறு கட்டை தூரம் சைக்கிள் மிதித்து வந்து இக்கல்லூரியிற் கற்றவர்கள் இவ்வாறு சிறையிருத்தல் தகுமோ?

அறியாத நகரை அறிதற்கு ஒரு மணி நேரச் சைக்கிள் உலாவினும் சிறந்த வழி வேறில்லை என்பது என் துணிபு. ஆயின் அவ்வுலா முதல்நாள் இரவே திட்டமிடப்படல் வேண்டும். திட்டமும் சிறிதாதல் வேண்டும். முழுநாட் பயணத்தை மெச்சுவோர் உளர். அது கால்வலுவைக் காட்டுமேயன்றி ஊரைக் காட்டாது.

அம்ஸ்ரர்டாம் நகரை எடுத்துக்கொள்வோம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் தலைநகர் அது. இன்று அந்நாட்டில் நம்மவர் குடும்பங்களும் வாழ்கின்றன. நடுநகரைச் சூழ்ந்து சிங்கெல், ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என நான்கு கால்வாய்கள் ஒன்றையொன்று வளைத்து வில்போற் கிடக்கின்றன. இரவிலே தேசப்படத்தை விரித்து இவ்வொழுங்கைத் தாளில் ஒருமுறை வரைந்து பார்த்தல் நன்று. கை வரைந்ததை மனம் எளிதில் விடாது என்பது வகுப்பறையில் நாம் நாடோறும் காண்பதன்றோ? மறுநாள் எத்தனையாவது கால்வாயைக் கடக்கின்றோம் என்று எண்ணினாலே நடுநகர் எவ்வளவு தொலைவென்பது விளங்கிவிடும். கைத்தொலைபேசியின் குரல் ஏவியபடி திரும்புபவனுக்கு இது வாய்க்காது. சைக்கிள் ஓட்டுகையில் தொலைபேசியைக் கையிற் பிடித்தல் அந்நாட்டில் 2019 முதற் குற்றமுமாகும்.

முதல் நாள் வொண்டல் பூங்காவே போதும். 1865இல் திறக்கப்பட்ட அப்பூங்காவினுட் கார்கள் புகா. நாமோ இடப்பக்கமாக ஓட்டிப் பழகியவர். அங்கு யாவரும் வலப்பக்கம். நேரான பாதையில் இது தொல்லையன்று. சந்தியிலே திரும்பும்போதுதான் பழைய வழக்கம் தலைதூக்கும்: நம் தலை வலப்புறம் முதலில் திரும்ப, வண்டி இடப்புறமிருந்து வந்துவிடும். உயிருக்கு ஏதம் விளையும் இடம் இதுவே. வாடகைச் சைக்கிள்கள் பலவற்றிற் பெடலைப் பின்னோக்கி மிதித்தாலே பிறேக் பிடிக்கும். அதனையும் பூங்காவிலேயே பழகிக்கொள்ளல் வேண்டும். அதன்பின் வீதியில் இறங்கலாம். டிராம் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தாற் சக்கரம் பள்ளத்திற் சிக்கும், குறுக்காகவே கடக்க. தரையிலுள்ள வெள்ளை முக்கோணங்களின் கூர் நம்மை நோக்கியிருப்பின் வழிவிட வேண்டியவர் நாமே.

இவை கைவந்தவர்க்கு நான் பரிந்துரைப்பது டியூர்கர்டாம் என்னும் சிற்றூர். மத்திய புகையிரத நிலையத்தின் பின்புறத்திலிருந்து சைக்கிளோடு ஏறத்தக்க படகு கட்டணமின்றி அக்கரை சேர்க்கும். அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் கிழக்கே சென்றால், அணையின்மேல் வரிசையாய் நிற்கும் மரவீடுகளைக் காணலாம். முன்பு அது கடலோர மீன்பிடி ஊர். 1932இற் பேரணை கட்டிக் கடலை அடைத்தபின் அவ்வூரின் முன் கிடப்பது நன்னீர். வீட்டு வாயிலில் நின்ற கடல் ஒரு தலைமுறையில் ஏரியானதை, காரிற் கடந்து செல்பவர் எங்ஙனம் உணர்வர்?

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அந்நாட்டிற் பெரும்பாலும் வீசுவது நம் சோளகம்போற் தென்மேற்குக் காற்று. டியூர்கர்டாம் போகையில் அது முதுகைத் தள்ளும். வயது குறைந்துவிட்டதாகவே தோன்றும். திரும்புகையில் அக்கடனை வட்டியோடு அறவிடும். ஆகவே போவதற்கு அரை மணியாயின் வருவதற்கு ஒரு மணி ஒதுக்குக. மார்கழியில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இன்றி இருளில் ஓட்டினாற் தண்டமுண்டு.

வீட்டார் அஞ்சுவர் என்பது மெய்யே. அந்நிய வீதியிற் பெற்றோரைத் தனியே விடப் பிள்ளைகளுக்கு மனம் வராது. அவர்களோடு வாதாடுதல் வீண். முதலிரவு வரைந்த தாளில் மீளும் நேரத்தையும் குறித்து மேசைமேல் வைத்துவிட்டு, அந்நேரத்துக்குக் கால் மணி முன்னரே வந்து சேர்க. இரண்டாவது கிழமையில் அவர்களே பூட்டின் திறப்பை எடுத்துத் தருவர்.