குழந்தைகளோடு தாஜ்மஹால்: ஒரு நாளைக்கு ஓர் இடம் போதாதா?

கோடை விடுமுறை விட்டதும் தமிழகத்தில் இருந்து டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். ஐந்து நாளில் மூன்று ஊர், பதினைந்து இடம் என அட்டவணை தயாராகிவிடும். கூட வரும் நாலு வயசுக் குழந்தைக்குப் பசிக்கும், தூக்கம் வரும் என்பதற்கு மட்டும் அதில் இடம் இருக்காது.

ஏன் இந்த ஓட்டம்?

காரணம், செலவு. சென்னையில் இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி போய்ச் சேர இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். தனிப் படுக்கையும் கிடையாது. ஐந்து முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால், 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். இவ்வளவு செலவழித்த பிறகு, ‘இனிமே எப்போ வரப்போறோம், எல்லாத்தையும் பார்த்துடலாம்’ என்று பெரியவர்கள் நினைப்பதில் தப்பில்லை. ஆனால், இந்தக் கணக்கு குழந்தையின் உடம்புக்குப் புரியாது.

வெயில் என்ன செய்யும்?

மே மாதத்தில் ஆக்ராவின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகிவிடும். தாகமாக இருக்கிறது என்று கைக்குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. ஓடியாடிய குழந்தை திடீரெனச் சோர்ந்து தோளில் சாய்ந்தால், பல மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், அதை ‘அடம் பிடிக்குது’ என்று ஒதுக்கக் கூடாது. அது நீரிழப்பாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தேறவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அன்றைய சுற்றுலா அத்தோடு முடிந்தது.

தாஜ்மஹாலில் கவனிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே திறந்துவிடுகிறார்கள். குழந்தைகளோடு போக அதுதான் சரியான நேரம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு 50 ரூபாய். கல்லறை மாடத்துக்குள் போகக் கூடுதலாக 200 ரூபாய். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், தின்பண்டங்களுக்கு அனுமதி இல்லை. எனவே, குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பது நல்லது. பெட்ரோல், டீசல் வண்டிகள் வாசல்வரை போகாது. பேட்டரி வண்டிக்கும் நடைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

எதை விடலாம்?

காலையில் தாஜ்மஹால், மதியம் அறையில் தூக்கம். மாலையில், யமுனையின் அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டம். அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடலாம். பெரியவர்கள் உட்கார்ந்தபடியே தாஜ்மஹாலைப் பார்க்கலாம். ஆக்ராவில் இருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் ஃபதேபூர் சிக்ரியை அதே நாளில் திணிக்க வேண்டியதில்லை. டெல்லியிலும் இரண்டு கோட்டைகளுக்குப் பதிலாக, பொம்மை ரயில் ஓடும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு பகல் கழித்தால் போதும்.

மாதத்தையும் மாற்றலாம். அரையாண்டு விடுமுறையில் போனால் மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும், குளிரும் கடுமை. காலாண்டு விடுமுறை குறுகியதுதான். ஆனால், ‘ஒரு நாளைக்கு ஓர் இடம்’ என்று முடிவெடுத்தவர்களுக்கு ஆக்ராவும் டெல்லியும் அதில் அடங்கிவிடும்.

பெற்றோர் மட்டும் மாறினால் போதுமா?

போதாது. தாஜ்மஹாலிலேயே பாலூட்டும் அறை திறக்கப்பட்டது 2019-ல்தான். உலகமே வந்து பார்க்கும் இடத்தின் நிலை இது. குழந்தைகளுக்கு இலவச அனுமதி தருவது நல்ல விஷயம். ஆனால், உள்ளே போன குழந்தைக்கு நிழலும், உட்கார ஓர் இடமும், சுத்தமான கழிப்பறையும், குடிநீரும் வேண்டாமா? தொல்லியல் துறை தன் பராமரிப்பில் உள்ள எல்லா இடங்களிலும் இவற்றைச் செய்துதர வேண்டும்.

அதுவரை, அட்டவணையில் இரண்டு இடங்களை அடித்துவிடுவது பெற்றோர் கையில் இருக்கிறது. விட்டுப்போன கோட்டை அங்கேயேதான் இருக்கும். பிள்ளை வளர்ந்த பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.