தொட்டி ஊராட்சியுடையது, நோயாளி நம்முடையவர்

ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் வயிற்றுப்போக்கோடு வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலர் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பார். சுகாதார ஆய்வாளர் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்போடு போவார். தெருக்குழாய்த் தண்ணீர் நிறமே மாறாது; அதாவது அதில் குளோரின் இல்லை. அதுவரை வேலை தடையில்லாமல் நடக்கிறது. பிறகு கடிதம் புறப்படுகிறது. ஆய்வாளரிடமிருந்து வட்டார மருத்துவ அலுவலருக்கு, அவரிடமிருந்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு, அங்கிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு. பின்பு இறங்குமுகம்: வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சிச் செயலர், கடைசியில் டேங்க் ஆபரேட்டர். தொட்டியோ சுகாதார நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

அனுபவமுள்ள ஆய்வாளர்கள் இந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பதில்லை. நேரே ஆபரேட்டரைக் கைபேசியில் அழைத்து, ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கை நினைவூட்டி, மூட்டை எத்தனை மாதமாகத் திறந்து கிடக்கிறது என்றும் விசாரித்துவிடுவார்கள். திறந்து வைத்த பவுடரில் குளோரின் நாளுக்கு நாள் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் கிராமங்களில் நோய்ப் பரவல் பலமுறை முளையிலேயே அடங்குவது இப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் அந்த ஆய்வாளருக்கு மாறுதல் வந்தால் அந்த வழியும் அவரோடு போய்விடுகிறது. ஆளோடு போய்விடாத ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே இந்த இதழில் நாங்கள் சொல்ல விரும்புவது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றை உள்ளாட்சிகளின் கடமையாகவே வகுத்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் 23-ஆவது, மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மருந்தகங்களும் அடங்கிய சுகாதாரம். எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது.

கேரளம் துணிந்து முடிவெடுத்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்குப் போயின. 2017-இல் ஆர்த்ரம் இயக்கம் வந்து, இந்த நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாக மாறியபோது, மாலை ஆறு மணி வரை புறநோயாளிப் பிரிவு நடத்தக் கூடுதல் மருத்துவரையும் பணியாளர்களையும் அமர்த்தும் செலவைப் பஞ்சாயத்துகள் ஏற்றன. அதற்கு முன்பே, 2008-இல் அம்மாநிலம் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்குச் செவிலியர் போவதற்கான செலவு பஞ்சாயத்துத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு தலைப்பாகவே இடம்பெறுகிறது.

இதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று சொல்பவர்கள் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் 941. ஒவ்வொன்றும் பெரியது; ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் அளவு மக்கள்தொகை உடையது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். 2011 கணக்கெடுப்பின்படி பார்த்தால் ஊராட்சிக்குச் சராசரியாக மூவாயிரம் பேர்தான். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். அப்படியானால் ஒரு நிலையத்தின் எல்லைக்குள் ஏறக்குறைய பத்து ஊராட்சிகள் வந்துவிடுகின்றன. பத்துத் தலைவர்களில் எவரும் அந்த நிலையத்தைத் தம்முடையது என்று கருதுவதில்லை; யார் ஊரில் கட்டடம் நிற்கிறதோ அவரைத் தவிர.

ஆகவே இணைக்க வேண்டியது வேறு இரண்டை. ஐயாயிரம் பேருக்கான துணை சுகாதார நிலையமும் கிராம ஊராட்சியும் அளவில் ஒத்துப்போகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொருத்தமான துணை ஊராட்சி ஒன்றியம். மருத்துவர் நியமனம், மாறுதல், மருந்துக் கொள்முதல் ஆகியவை மாநிலத்திடமே இருக்கட்டும். பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் தனி அலுவலர் படையும், 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் நமக்குத் தந்த பலத்தைப் பன்னிரண்டாயிரம் துண்டுகளாக்குவதில் எந்த நன்மையும் இல்லை. குடிநீர், கொசு ஒழிப்பு, கட்டடப் பராமரிப்பு, இரவில் துணை நிலையத்துக்கு விளக்கும் பாதையும், வீட்டோடு முடங்கிய நோயாளிக்கு அன்றாடத் துணை என்பனவற்றில் ஊராட்சிக்குப் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்ற வேண்டியவர்கள். அவர்கள் அடுத்து வரும் நாள்வரை புண்ணைத் துடைக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொண்ட ஒருவர் அந்த ஊரிலேயே வேண்டும். மகளிர் குழுக்களிலிருந்து அவரைக் கண்டெடுக்க ஊராட்சியால் முடியும்.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது ஒவ்வொரு கிராம சுகாதாரக் குழுவுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வகுத்தது. கிராம சுகாதார செவிலியரும் ஊராட்சித் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட்டு எடுக்கும் பணம் அது. தொகை சிறிது, ஆனால் அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார அதுவே காரணம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று பரிந்துரைத்ததோ 70,051 கோடி ரூபாய். துணை நிலையக் கட்டடங்களும் அதில் அடக்கம். ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் புறம்போக்கில் கட்டிய துணை நிலையத்தில் எந்தச் செவிலியரும் இரவு தங்கமாட்டார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஊராரைக் கேட்டு இடம் தேர்ந்த கட்டடங்கள் எத்தனை என்று வாசகர்கள் தத்தம் வட்டாரத்தில் விசாரித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

ஊராட்சியோடு சேர்வது என்றால் தலைவரோடு மட்டும் சேர்வது என்று கொள்ளக்கூடாது. குளோரின் அளவைத் தொட்டியடியில் பார்த்துத் திருப்தி அடையும் பழக்கம் நம்மிடம் உண்டு. 0.2 பிபிஎம் இருக்க வேண்டியது கடைசிக் குழாயில். பல ஊர்களில் அந்தக் கடைசிக் குழாய் பட்டியலின மக்களின் தெருவில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகே அவர்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. ஊரின் அதிகாரம் யாருக்கு எதிராக நிற்கிறது என்பதைப் புறநோயாளிப் பதிவேடு காட்டும்போது, மருத்துவ அலுவலர் அதை மன்றத்தில் உரக்கச் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்குரியது. தலைவர் பெண்ணாக இருக்கும் ஊரில் அவருடைய கணவரை அழைத்துப் பேசி முடித்துக்கொள்வதை நம் துறை கைவிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாவிட்டால் என்ன செய்வது? 2016 முதல் 2019 இறுதி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் அதே நிலை திரும்பியது. வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குத் தலைவரின் இடத்தில் நிற்கும்போது, கிராம சுகாதார செவிலியர் கூட்டுக் கையெழுத்துக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதாகிறது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை அரசியல் செய்தியாக மட்டும் நாம் படிக்கக்கூடாது. நோய்த்தடுப்பு அதனால் நேரடியாகப் பலவீனப்படுகிறது என்பதை நம் சங்கங்கள் அரசிடம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மன்றம் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். சுகாதாரத் துறையிலிருந்து யாரோ ஒருவர் போய் டெங்கு உறுதிமொழி வாசித்துத் திரும்பும் வழக்கத்தை மாற்றலாம். துணை நிலையத்தின் ஆறு மாதக் கணக்கை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போகலாம்: எந்தத் தெருவில் எத்தனை வயிற்றுப்போக்கு, எத்தனை காய்ச்சல், கடைசிக் குழாயில் எத்தனை முறை குளோரின் இல்லை, சர்க்கரை நோய் மாத்திரையை எத்தனை பேர் நிறுத்திவிட்டார்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். அந்த எண்களிலிருந்து ஒரு தீர்மானம், தீர்மானத்திலிருந்து கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் தொகையோடு ஒரு வரி. அடுத்த சபையில் அந்த வரி என்னவாயிற்று என்று கேட்கும் உரிமை மருத்துவ அலுவலருக்கும் உண்டு. பகல் ஒரு மணிக்கு மேல் மருத்துவர் ஏன் இருப்பதில்லை என்று நம்மைக் கேட்கும் உரிமை ஊருக்கும் உண்டு. அக்டோபர் 2 சபைக்கு முன், செப்டம்பர் மாத வட்டார ஆய்வுக் கூட்டத்திலேயே இந்தத் தாளின் படிவத்தை முடிவு செய்துவிடலாம். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.