கிளினிக் கொப்பியில் கிடந்த கணக்கு

அத்தானின் ஸ்கான் றிப்போட்டில் நாலு வரி ஆங்கிலம். கொடுத்தவர்கள் 'ஈரலில் கொழுப்பு' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முருங்கன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நேரே என்னிடம் கொண்டுவந்தார். நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன்.

அத்தான் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறவர். கள்ளோ சாராயமோ தொட்டதில்லை. ஆனால் ஈரல் வருத்தம் என்றதும் 'ஒளிச்சுக் குடிச்சிருப்பார்' என்று ஒழுங்கை முழுக்கக் கதை. அந்தக் கதைதான் வருத்தத்தைவிட அவரை வாட்டியது. குடிக்காதவர்களுக்கும் இது வரும். சீனி வருத்தமும் வயிற்றுப் பருமனும் போதும். றாகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கான் செய்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது.

ஸ்கான் திரையில் கொழுப்பு ஏறிய ஈரல் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட வெளிறித் தெரியும். கொழுப்பைக் காட்டுகிற அந்தப் படம், ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தால் அதைச் சொல்லாது. ஈரலில் அஞ்ச வேண்டியது தழும்புக்குத்தான்.

தழும்பைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரியில் 'பயொப்சி' என்றார்கள். அக்கா அங்கேயே அழத் தொடங்கிவிட்டா. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் புற்றுநோய் என்றுதான் அர்த்தம். நல்ல காலம், தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கட்டிலில் இருந்து விளங்கப்படுத்தினார். இரத்தம் உறைகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். வலப் பக்க விலாவில் விறைப்பூசி. மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, ஒரு நொடியில் ஊசி போய் ஈரலின் துணுக்கோடு வந்துவிடும். போத்தலுக்குள் கிடந்ததை நான் பார்த்தேன்: இடியப்ப இழையில் இரண்டு சென்ரிமீற்றர். முழு ஈரலில் அது ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. பிறகு மணித்தியாலக் கணக்கில் வலப் பக்கமாகவே படுத்திருந்தார். இரத்தம் கசியும் ஆபத்து குறைவு, ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. தழும்பு கனதியாகத்தான் இருந்தது. ஈரல் இன்னும் சுருங்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. விசேட வைத்திய நிபுணர் அத்தானின் சீனிக் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஃபிப்-4 என்று பெயர்; தழும்பு இருக்குமா என்று ஊகிக்க, வயதையும் இரத்தப் பரிசோதனை எண்களையும் வைத்துப் போடுவது. வயதை எஸ்.ஜி.ஓ.ரி.யால் பெருக்கு; ஆயிரக் கணக்கில் எழுதிய பிளேற்லெற் எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.ரி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கு. முன்னதைப் பின்னதால் வகு. அத்தானுக்கு 58ஐ 62ஆல் பெருக்க 3596. 142ஐ 49இன் வர்க்கமூலமான 7ஆல் பெருக்க 994. விடை 3.6. 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67க்கு மேலே என்றால் உடனே மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நாலு எண்களும் சீனிக் கிளினிக் கொப்பியில் ஒன்றரை வருடமாகக் கிடந்தவை. ஓ.எல். பிள்ளை போடுகிற கணக்கை ஒருவரும் போடவில்லை.

கிளினிக்கில் சனம் நெருக்கும், டொக்டருக்கு நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கைத்தொலைபேசியில் இது ஒரு நிமிட வேலை. இளம் வயதினரிலும் 65 தாண்டியவர்களிலும் இந்த எண் பிசகும் என்பதும் உண்மை. அதற்காகப் போடாமலே விடலாமா? மன்னார் மாவட்டத்தின் ஒவ்வொரு சீனிக் கிளினிக்கிலும் இதைப் போட வேண்டும். ஸ்கான் றிப்போட்டின் அடியில் இரண்டு வரி தமிழிலும் எழுத வேண்டும்: என்ன தெரிகிறது, அடுத்து எங்கே போக வேண்டும். பயொப்சி என்றால் என்னவென்பதை வாசலிலேயே சொல்லிவிட்டால், பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிக் கீழ்க்காய்நெல்லி அரைக்கிறவர்கள் குறைவார்கள்.

அத்தான் இப்போது விடிய எழும்பிக் குளக்கட்டில் நடக்கிறார். உடல் நிறையில் பத்திலொன்று குறைந்தால் தழும்பும் இளகக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்து கிலோ இறங்கிவிட்டது. அக்காவுக்கும் சீனி இருக்கிறது. போன கிழமை அவவின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வயது 54, எஸ்.ஜி.ஓ.ரி. 28, எஸ்.ஜி.பி.ரி. 25, பிளேற்லெற் 260. விடை 1.16.