முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள்

மழைக்காலம் நெருங்கினால் சென்னையின் தெருக்களில் பள்ளம் தோண்டுவார்கள். ‘மழைநீர் வடிகால் பணி’ என்று ஒரு பலகை, பக்கத்தில் மண் குவியல், கம்பி நீட்டிய கான்கிரீட். தாண்டிப் போகும் எல்லாரும் கேட்பது, வேலை எப்போது முடியும் என்று. இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் கேட்பதில்லை.

தென்சென்னைத் தண்ணீரில் கணிசமான பங்கு போய்ச் சேரும் இடம், பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்தின் ஓரம். குப்பத்தைத் தாண்டி வடக்கே மணலில் நடந்தால் உடைந்த பாலம் வரும். 1967-ல் கட்டியது, பத்தே வருடத்தில் ஆற்று வெள்ளம் அதை உடைத்துப் போட்டது. அதற்குப் பக்கத்தில் அடையாற்றின் முகத்துவாரம். ஆதனூர்ப் பக்கம் தொடங்கி சுமார் 42 கி.மீ. வரும் ஆறு, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழிநெடுக வடிகால்களை வாங்கிக்கொண்டு இங்கேதான் கடலில் விழ வேண்டும்.

ஆனால் கோடையில் ஆற்றோட்டம் குறைந்ததும், அலை மணலைக் கொண்டுவந்து வாயை மேடாக்கிவிடும். மழைக்கு முன்னால் நீர்வளத்துறை பொக்லைன் வைத்து வெட்டிவிடும். ஆற்றில் வேகம் இல்லையென்றால் கடல் திரும்பவும் மூடும். திறந்தே இருந்தாலும் கடல் எல்லா நேரமும் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. புயலிலும் ஓதம் ஏறும் நேரத்திலும் கடல் மட்டம் உயரும். ஆறு வடியாமல் நிற்கும். வடிகால் ஆற்றில் விழும் கடைவாய் மூழ்கும். தெருவில் நின்ற தண்ணீர் நின்றபடியே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதைத்தான் பார்த்தோம்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது, கோட்டூர்புரத்தில் வீடுகள் மூழ்கின. அன்று நகரத்துக்குள் படகோடு வந்து ஆட்களை மீட்டவர்கள் குப்பத்து மீனவர்கள். வாடைக்காற்று எப்போது வலுக்கும், எந்த மாதத்தில் மணல் எந்தப் பக்கம் சேரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழில் அறிவு. வடிகால் வரைபடம் போடும்போது அவர்களை யார் கூப்பிடுகிறார்கள்?

தெரு வடிகால் மாநகராட்சியிடம், பெருஞ்சாலை ஓரம் நெடுஞ்சாலைத் துறையிடம், சாக்கடை குடிநீர் வாரியத்திடம், ஆறு நீர்வளத்துறையிடம். ஒவ்வொருவரும் தண்ணீரை அடுத்தவர் எல்லைக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லத் திருப்புகழ் குழு அமைந்தது; பல தெருக்களில் புது வடிகால் வந்தது; சில இடங்களில் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே சீக்கிரம் வடிந்தால் ஆறு சீக்கிரம் நிரம்பும். நமக்குத் தீர்ந்த தொல்லை கீழே இருப்பவர் வாசலுக்குப் போகிறது. கூடவே வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த வீட்டுச் சாக்கடையும் போகிறது. முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தால் நஷ்டம் வலை வீசுபவருக்கு.

ஆகவே தண்ணீரை ஓட்டுவதற்கு முன்னால், விழுந்த இடத்திலேயே கொஞ்சம் நிறுத்தப் பார்க்க வேண்டும். பெசன்ட் நகரின் மணல் தரை தானாகவே குடிக்கும். அதன்மேல் சிமென்ட் கல் பதித்துவிட்டு வடிகால் கேட்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மணல் தரையில் வடிகால் எதற்கு என்ற கேள்வியோடு குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 2010 முதல், மண்ணை எவ்வளவு மூடியிருக்கிறார்கள் என்று பார்த்து வணிகக் கட்டடங்களுக்கு மழைநீர்க் கட்டணம் போடுகிறார்கள். மூடியதைத் திறந்தால் கட்டணம் குறையும். நாமோ 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம். அந்தத் தொட்டிகளைத் தூர் வாரினார்களா என்று வருடம் ஒருமுறை பார்க்க ஆள் போட்டாலே பாதி வேலை நடக்கும்.

இப்போது வார்டுதோறும் பகுதி சபை இருக்கிறது. அங்கே தெருவிளக்கு, குப்பை பற்றிப் பேசி முடித்ததும் கவுன்சிலரிடம் கேளுங்கள்: நம் தெரு வடிகாலின் கடைவாய் எங்கே? ஆற்றில் எந்த மட்டம் வந்தால் அது மூழ்கும்? இந்த வருடம் முகத்துவாரத்தை எப்போது வெட்டுகிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாத வார்டில் அடுத்த பள்ளத்தைத் தோண்டாமல் இருப்பது நல்லது.